நாலு வருஷம் ஆடிய போக்கர் ஆப்பும் ஏற்காட்டு சிக்னலும்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் நண்பன் போன வாரம் கூப்பிட்டான். "மாப்ள, நீ ஆடுனியே போக்கரு, அதே மாதிரி வெளிநாட்டு ஆப் ஒண்ணு டெலிகிராம்ல வருது. போடட்டுமா?" போனில் சொல்லித் தீரவில்லை, எழுதுகிறேன்.

போக்கர் என்பது பணம் வைத்து ஆடும் சீட்டாட்டம். நான் ஆடியது உள்நாட்டுக் கம்பெனி ஆப். 2021 ஆகஸ்ட் 3-ல் சென்னை உயர் நீதிமன்றம் ஆன்லைனில் பணம் வைத்து ஆடுவதற்கு எதிரான தமிழக அரசின் தடைச் சட்டத்தை ரத்து செய்ததும் இறக்கினேன். ஆப் அருமை. பழைய போனிலும் சீட்டு திக்காமல் விழும். ஆடி முடித்த ஒவ்வொரு ஆட்டத்தையும் திரும்பப் பார்க்கலாம். எனக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்ததே அதுதான். கையில் இரண்டு ஏஸ் வருவது 221 தடவைக்கு ஒரு தடவை. மற்ற நேரமெல்லாம் விடத் தெரிய வேண்டும். மங்காத்தா மாதிரி உள்ளே வெளியே என்று பார்த்துக்கொண்டிருக்கும் ஆட்டம் இல்லை. 2023 நவம்பரில் அதே நீதிமன்றம், தமிழக அரசு அடுத்துப் போட்ட சட்டத்தில் போக்கரையும் ரம்மியையும் அதிர்ஷ்ட ஆட்டமாகப் பட்டியலில் சேர்த்தது செல்லாது என்றபோது, ஆடிப் பார்த்தவன் என்ற முறையில் எனக்கு அது சரியாகவே பட்டது.

என் ஆத்திரமெல்லாம் சிக்னல் மேல்தான்.

எனக்கு வேலை ஏற்காட்டில், நாகலூர் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில். 2024 ஐப்பசியில் ஒரு மழை ராத்திரி. கையில் இரண்டு ஒன்பது. மேசையில் எல்லோருக்கும் பொதுவாக முதலில் திறக்கும் மூணு சீட்டில் (ஃப்ளாப்) மூணாவது ஒன்பது விழுந்தது. ஜோடி வைத்திருப்பவனுக்கு அது எட்டு ஒன்பது தடவைக்கு ஒரு முறைதான் விழும். நடுவில் சேர்ந்த பந்தயப் பணம் 6,400 ரூபாய், அதில் 2,700 என்னுடையது. எதிராளி மிச்சம் இருந்ததையெல்லாம் தள்ளினான். அதற்கு ஈடாகப் பணம் வைத்துத் தொடர 'கால்' அழுத்தினேன். வட்டம் சுற்றுகிறது. ஜன்னல் பக்கம் போனேன், வாசலுக்கு ஓடினேன், போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு மழையில் நின்றேன். முடிவெடுக்க ஆப் தரும் 15 விநாடி, கூடுதலாக 30 விநாடி, எல்லாம் ஓடிவிட்டது. ஒரு கோடு சிக்னல் திரும்பி வந்தபோது என் பெயருக்குக் கீழே 'ஃபோல்டு' (ஆட்டத்தை விட்டாயிற்று) என்று இருந்தது. எல்லோரும் விட்டுவிட்டால் ஜெயித்தவன் சீட்டைக் காட்ட வேண்டியதில்லை. அவன் கையில் என்ன இருந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. புகார் செய்தேன். இணைய இணைப்பு ஆடுபவர் பொறுப்பு என்று பதில். நாலு வருஷத்தில் இதே பதில் பதினோரு தடவை.

கோர்ட்டில் திறமையா அதிர்ஷ்டமா என்று வாதாடினார்கள். என் பணம் போனதோ இரண்டிலும் சேராத வழிகளில். சிக்னலில் போனது. ஒவ்வொரு ஆட்டத்திலும் சேரும் பணத்தில் கம்பெனி எடுத்த கமிஷனில் போனது. 2023 அக்டோபர் முதல் போட்ட பணத்துக்கு 28 சதவீதம் ஜிஎஸ்டியில் போனது. நிகரமாக ஜெயித்ததில் 30 சதவீதம் டிடிஎஸ் (வரிப் பிடித்தம்) என்று போனது. இவ்வளவையும் தாண்டி எவ்வளவு திறமைதான் மிஞ்சும்?

ஒன்று மட்டும் எதிர்பாராமல் பிடித்துப்போனது. 2025-ல் தமிழக ஆன்லைன் விளையாட்டு ஆணையம் ராத்திரி 12 முதல் காலை 5 வரை ஆடக்கூடாது என்று விதி போட்டது. அந்தச் சில மாதம் நான் நன்றாகத் தூங்கினேன்.

பிறகு நாடாளுமன்றமே சட்டம் போட்டது. 2025 ஆகஸ்ட் 22-ல் குடியரசுத் தலைவர் ஒப்புதல். திறமையோ அதிர்ஷ்டமோ, ஆன்லைனில் பணம் வைத்து நடத்தவே கூடாது. நடத்தினால் 3 வருஷம் வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். என் ஆப் மேசைகளை மூடியது. மிச்சம் இருந்த 4,180 ரூபாய் மூணே நாளில் வங்கிக்கு வந்துவிட்டது. அந்த நாணயத்தைச் சொல்லாமல் விட்டால் பாவம்.

"ஆடுறவனுக்குத் தண்டனை இல்லையாம்ல?" என்றான் நண்பன். உண்மைதான், அந்தச் சட்டத்தில் இல்லை. ஆனால் இந்த ஆட்டத்துக்கு வங்கி பணம் அனுப்பக் கூடாது. அதனால்தான் டெலிகிராம்காரன் யாரோ ஒருவர் பெயரில் இருக்கும் யுபிஐ-க்குப் போடச் சொல்கிறான். நாளைக்கு நீ ஜெயித்து, மோசடிப் பணம் புழங்கிய கணக்கிலிருந்து உனக்கு வந்தால், சைபர் கிரைம் உன் கணக்கையும் முடக்கும். சனிக்கிழமை பட்டறை ஆட்களுக்குக் கூலி எதிலிருந்து கொடுப்பாய்? பதினோரு தடவை எனக்கு வந்த அந்த எரிச்சலூட்டும் பதில்கூட உனக்கு வராது.

நான் ஆடிய ஆப்புக்கு ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். அது திரும்பி வந்தாலும் போட மாட்டேன். நீயும் போடாதே.

ஞாயிற்றுக்கிழமை மேலே வாடா. சீட்டுக்கட்டு இருக்கு, புளியங்கொட்டை வைத்து ஆடலாம். ஒரே விதிதான்: விட்டாலும் ஜெயித்தாலும் சீட்டைத் திருப்பிக் காட்ட வேண்டும்.