சாக்ஸ்லெட் கருவி வாங்குவது: இறக்குமதியா, உள்ளூர்ப் பட்டறையா?

மலேசியாவின் பினாங்கு மாநிலத்திலுள்ள பிறைத் தொழிற்பேட்டையில் செம்பனை எண்ணெய் ஆலைகளின் மாதிரிகளைச் சோதித்துத் தரும் எங்கள் ஆய்வுக்கூடத்தில் சாக்ஸ்லெட் கருவிகள் ஓடாத வேலைநாள் இல்லை. பிழிந்த நாரிலும், வெறுங்குலையிலும், கசடிலும் எவ்வளவு எண்ணெய் வீணாகத் தங்கிவிட்டது என்பதை ஹெக்சேன் என்ற கரைப்பானைக் கொண்டு பிரித்தெடுத்து நிறுத்துச் சொல்வதற்கு, 1879இல் ஃபிரான்ஸ் ஃபொன் சாக்ஸ்லெட் பாலின் கொழுப்பை அளக்க வகுத்த அதே அமைப்புதான் இன்றும் பயன்படுகிறது. கீழே குடுவையில் கொதிக்கும் கரைப்பானின் ஆவி, ஆவிக்குழாய் வழியாக மேலேறி, குளிர்விப்பானில் திரவமாகி, நடுவிலுள்ள பிரிப்பானில் வைத்த மாதிரிமேல் சொட்டுகிறது; பிரிப்பான் நிறைந்ததும் சைஃபன் என்ற வளைகுழாய் அதை எண்ணெயோடு குடுவைக்குத் திருப்பி விடுகிறது; இதுவே மீண்டும் மீண்டும் நடக்கிறது. பழைய தொகுதியை மாற்ற வேண்டி வந்தபோது எங்கள் முன் மூன்று வழிகள் இருந்தன. பெயர்பெற்ற ஐரோப்பியக் கருவிகளைக் கிள்ளான் பள்ளத்தாக்கிலுள்ள முகவர் வழியாகத் தருவிக்கலாம். இணையச் சந்தையில் கிடைக்கும் பெயரற்ற மலிவுக் கருவிகளை வாங்கலாம். அல்லது புக்கிட் மெர்தாஜாம் பக்கமுள்ள ஓர் அறிவியல் கண்ணாடிப் பட்டறையில் செய்து தரச் சொல்லலாம். நாங்கள் மூன்றாவதைத் தேர்ந்தோம். ஆகவே இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்தே இருக்கும்.

விலையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பெயரற்ற கருவி மலிவு, ஐரோப்பியக் கருவி விலை கூடியது, பட்டறைக் கருவி இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. கையிருப்பு இல்லையென்றால் இறக்குமதிக்கு வாரக்கணக்கில் காத்திருக்க நேரும் என்பதும், பட்டறைக்காரரின் கையில் வேறு வேலை இருந்தால் அங்கும் காத்திருக்க வேண்டும் என்பதும் எல்லாரும் அறிந்ததே. பிரித்தெடுக்கும் திறனில் மூன்றுக்கும் நான் வேறுபாடு காணவில்லை. ஹெக்சேன் சுமார் 69 பாகையில் கொதிக்கிறது. அந்த வெப்பநிலை போரோசிலிக்கேட் என்ற வெப்பம் தாங்கும் கண்ணாடி நல்லதாக இருந்தால் அதற்கு ஒரு பொருட்டல்ல.

தேர்வைத் தீர்மானித்தது பழுதுபார்ப்பு. கருவி எங்கே உடைகிறது என்று பார்த்தாலே இது விளங்கும். கொதிகுடுவை உடைந்தால் இன்னொரு குடுவை வாங்கிக்கொள்ளலாம், அது எங்கும் கிடைக்கிற பொருள். மேலே நிற்கும் குளிர்விப்பான் தாங்கியில் பாதுகாப்பாகப் பிடிக்கப்பட்டிருப்பதால் எளிதில் அடிபடுவதில்லை. நடுவிலுள்ள பிரிப்பானின் உடலும் தடித்த கண்ணாடிதான். ஆனால் அந்த உடலின் பக்கவாட்டில் வெளியே துருத்திக்கொண்டிருக்கும் மெல்லிய சைஃபன் குழாய், கழுவுதொட்டியின் விளிம்பில் பட்டோ, தாங்கியில் மாட்டும்போது திருகப்பட்டோ, ஒடிந்துபோகிறது. சுண்டுவிரல் தடிமன்கூட இல்லாத அந்தக் குழாய் போய்விட்டால் மீதி முழுவதும் நன்றாக இருந்தும் பிரிப்பான் பயனற்றதாகிவிடுகிறது. முகவரிடம் பிரிப்பானை மட்டும் தனியாக வாங்க முடியும் என்றாலும், மூன்று உறுப்புகளில் விலை கூடியது அதுவே.

பட்டறையில் அதே பிரிப்பானுக்குப் புதுக் குழாய் வைக்கிறார்கள். எளிய ஒட்டுவேலையாகத் தோன்றும் இதில் கைத்திறன் எவ்வளவு வேண்டியிருக்கிறது என்பதை அருகில் நின்று பார்த்தவர்களே அறிவார்கள். குழாய் பிரிப்பானின் அடியிலிருந்து புறப்பட்டு, ஒரு குறிப்பிட்ட உயரம்வரை ஏறி, வளைந்து இறங்கி, கீழ்க்கழுத்தின் சுவரைத் துளைத்துக்கொண்டு உள்ளே நுழைகிறது. அந்த நுழைவிடத்தில் சுவரும் குழாயும் சுற்றிலும் ஒரே கண்ணாடியாக உருகிச் சேர வேண்டும்; அதே வேளையில் குழாயின் துவாரம் சுருங்கிவிடவும் கூடாது. இதற்காகக் கண்ணாடி ஊதுநர் மற்றத் திறப்புகளைத் தக்கையால் அடைத்து, ஒரு திறப்பில் மாட்டிய ரப்பர் குழாயை வாயில் வைத்துக்கொண்டு, கண்ணாடி இளகும் நொடியில் மெல்ல ஊதிச் சுவர் உள்ளே குழியாமல் பார்த்துக்கொள்கிறார். போரோசிலிக்கேட் நன்றாக இளகி வேலைக்கு வருவதற்கு ஏறத்தாழ 1250 பாகை வேண்டும் என்பதால் சமையல் எரிவாயுவும் காற்றும் மட்டும் போதாது, ஆக்சிஜன் உருளையும் வேண்டும். சுடரில் பட்ட கண்ணாடியிலிருந்து எழும் சோடியத்தின் மஞ்சள் ஒளி கண்ணை மறைக்காமலிருக்க டிடிமியம் கண்ணாடி அணிவார்கள். அதை அணிந்தவருக்கு இளகிய இடம் தெளிவாகத் தெரிகிறது.

வேலை முடிந்த பிறகு அளவுகளைச் சரிபார்ப்பது எங்கள் பொறுப்பு. குழாயின் வளைவு, மாதிரி வைக்கும் திம்பிள் என்ற தாளுறையின் விளிம்புக்குக் கீழேயே இருக்க வேண்டும். வளைவு அதைவிட உயர்ந்துவிட்டால் கரைப்பான் உறையின் விளிம்பைத் தாண்டி வழிந்து, நார்த்துகளைக் குடுவைக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும். கடைசியில் தராசு அதையும் எண்ணெயாகவே கணக்கிடும். குழாயின் உள்விட்டம் கூடிவிட்டாலோ, கரைப்பான் குழாயை நிறைக்காமல் சுவரோரமாக வழிந்துகொண்டே இருக்கும், சைஃபன் பிடிக்காது, அறை நிரம்பி ஒரே வீச்சில் காலியாவதற்குப் பதிலாகச் சொட்டுச் சொட்டாக ஓடும். ஆகவே பழுதுபார்த்து வந்த ஒவ்வொரு பிரிப்பானையும் முதலில் மாதிரியின்றி, வெறும் ஹெக்சேனோடு ஓட்டிப் பார்க்கிறோம். அதன் பிறகு, எண்ணெய் அளவு ஏற்கெனவே தெரிந்த ஒரு மாதிரியை வைத்துப் பார்க்கிறோம். சாக்ஸ்லெட் எதையும் அளப்பதில்லை, அளப்பது தராசு. அதனால் தர அங்கீகாரத் தணிக்கைக்கு வருவோரிடம் பழுதுபார்த்த கருவியைக் காட்டுவதில் சிக்கல் எழுவதில்லை, சோதித்த பதிவு கையில் இருந்தால் போதும்.

பெயரற்ற மலிவுக் கருவி இந்த இடத்தில்தான் போட்டியிலிருந்து விழுகிறது. கண்ணாடியைக் கண்ணாடியோடு உருக்கிச் சேர்க்க வேண்டுமானால் இரண்டின் வெப்ப விரிவும் ஒத்துப்போக வேண்டும். ஆய்வுக்கூடங்களில் வழங்கும் டூரான், பைரெக்ஸ், போரோசில் ஆகியவை ஐஎஸ்ஓ 3585 தரம் கூறும் 3.3 வகைப் போரோசிலிக்கேட்டுகள். ஒரு பாகை வெப்பத்துக்கு ஒரு மீட்டர் நீளம் 3.3 மைக்ரோமீட்டர் விரியும் என்பதே அந்த எண்ணின் பொருள். இவற்றை ஒன்றோடொன்று தயக்கமின்றி இணைக்கலாம். சாதாரணச் சோடா சுண்ணாம்புக் கண்ணாடியோ ஏறக்குறைய 9 மைக்ரோமீட்டர் விரியும். உருகிய நிலையில் இரண்டும் ஒட்டிக்கொண்டாலும், ஆறும்போது ஒன்று மற்றதைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு சுருங்கப் பார்ப்பதால் இணைப்பு வெடித்துவிடும். முத்திரையே இல்லாத கருவியைப் பொறுப்பான ஊதுநர் எவரும் சுடரில் காட்டத் தயங்குவார். ஐயம் இருந்தால் உடைந்த துண்டொன்றைக் கிளிசரினில் அமிழ்த்திப் பார்க்கலாம்: 3.3 வகையின் ஒளிவிலகல் எண் கிளிசரினோடு ஏறத்தாழ ஒத்திருப்பதால் துண்டு கண்ணுக்கு மறைந்ததுபோல் ஆகிவிடும்; சுண்ணாம்புக் கண்ணாடியின் விளிம்புகள் பளிச்சென்று தெரியும். எங்கள் இளம் பணியாளர்களுக்கு இந்தச் சோதனை மிகவும் பிடித்துவிட்டது.

இனி, ஆறவிடும் முறை. சுடரில் இணைத்த இடம் வெளியே சீக்கிரமும் உள்ளே மெதுவாகவும் ஆறுவதால் கண்ணாடிக்குள் இறுக்கம் தங்கிவிடுகிறது. அது கண்ணுக்குத் தெரியாது. பல நாள் கழித்து, யாரும் தொடாத நேரத்தில்கூட விரிசலாக வெளிப்படலாம். இதைப் போக்குவதற்குக் கருவியை உலையில் சுமார் 560 பாகையில் சிறிது நேரம் வைத்து, 500க்குக் கீழே வரும்வரை மெல்ல இறக்க வேண்டும். சுடரைத் தணித்து அதன்மேல் காட்டி ஆறவிடும் பழைய முறை சிறு வேலைகளுக்கு ஒருவாறு போதுமானாலும், குழாய் சுவரைத் துளைத்து நுழையும் வளைய இணைப்பு உள்ள பிரிப்பானுக்குப் போதாது. எனவே ஒரு பட்டறையைத் தேர்வதற்கு முன்பு நான் கேட்டுக்கொள்ளச் சொல்வது இரண்டே: உலை இருக்கிறதா, ஒளிமுனைப்பு வடிகட்டிகள் இரண்டுக்கு நடுவே வைத்து இறுக்கத்தைப் பார்க்கும் கருவி இருக்கிறதா? இரண்டாவதற்கு இல்லை என்று பதில் வந்தால்கூடப் பேச்சைத் தொடரலாம். முதலாவதற்கு இல்லை என்றால் வேறிடம் பார்ப்பது நல்லது.

பட்டறையில் செய்யச் சொல்வதால் கிடைக்கும் இன்னொரு நன்மை, பழுதுபார்ப்பை மனத்தில் வைத்தே கருவியை வடிவமைக்கலாம் என்பது. உறுப்புகள் ஒன்றுக்குள் ஒன்று பொருந்தும் தேய்த்த மூட்டு அதிகம் சூடுபட்டால் அதன் சரிவு கெட்டு, பொருத்தம் போய் ஆவி கசியும். வழக்கமான பிரிப்பானில் சைஃபன் நுழையும் இடம் கீழ்மூட்டுக்கு நெருக்கமாக இருப்பதால் அங்கே சுடர் காட்டுவது எப்போதும் பதற்றமான வேலை. எங்கள் தொகுதியில் கழுத்தைச் சற்று நீட்டி, நுழைவிடத்தை மூட்டிலிருந்து விலக்கி வைக்கச் சொன்னோம். சைஃபன் ஆவிக்குழாயை ஒட்டி, அதன் மறைவில் நிற்கும்படியும் கேட்டோம். “ஒடியுற எடம் எதுன்னு நீங்களே சொல்லிட்டீங்க, சார், அப்படியே செஞ்சிரலாம்” என்றார் பட்டறைக்காரர். அச்சிட்ட விலைப்பட்டியலில் இதைக் கேட்டு வாங்க முடியாது.

இறக்குமதிக்கு உரிய இடத்தையும் மறுப்பதற்கில்லை. திரவத்தின் அளவைக் காட்டும் பருமன் குடுவை, பிப்பெட், பியூரெட் ஆகியவற்றைச் சான்றிதழோடு வெளியிலிருந்துதான் வாங்குகிறோம், உடைந்தால் பழுதுபார்ப்பதும் இல்லை; சுடர் பட்ட பிறகு அவற்றின் அளவுக்கோட்டை நம்ப முடியாது. சுழல் ஆவியாக்கியின் பிளாஸ்டிக் பூச்சிட்ட குடுவைகளும் அப்படியே, பூச்சோடு சுடரில் காட்ட இயலாது. ஒரே அளவில் நிறையக் கருவிகள் வேண்டுமென்றால் தொழிற்சாலைப் பொருளின் சீர்மை கைவேலையில் வராது. எங்கள் பிரிப்பான்களில்கூடச் சைஃபன் உயரம் ஒன்றுக்கொன்று சற்று வேறுபடுகிறது, ஆகவே ஒவ்வொன்றும் காலியாகும் வேகமும் சற்று மாறுகிறது. மொத்தப் பிரித்தெடுப்பு நேரம் போதுமான அளவு நீளமாக இருப்பதால் முடிவில் அது தெரிவதில்லை. வெற்றிடக் குழாய்த்தொடர்களையும் இரட்டைச் சுவர் உலைகலன்களையும் நாங்கள் பயன்படுத்துவதில்லை. அவற்றை வாங்குவோர் என் சாய்வை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். குவார்ட்ஸ் வேலை முற்றிலும் வேறு, அதன் சுடரே வேறு.

பழுதுக்கு அனுப்புவதிலும் ஓர் ஒழுங்கு வேண்டும். எண்ணெய்ப் பசையோடு போன கண்ணாடி சுடரில் கருகிக் கறையாகப் படியும். மூட்டில் பூசிய சிலிக்கோன் பசை வெந்து வெள்ளைத் தழும்பாகிவிடும், பிறகு அதை நீக்குவது மிகக் கடினம். கரைப்பானின் ஆவி உள்ளே தங்கியிருந்தால் ஊதுநரின் முகத்துக்கே ஆபத்து. ஆகவே ஹெக்சேனால் அலசி, சோப்பு நீரில் கழுவி, அடுப்பில் நன்கு உலர்த்தி, முன்பு எந்தக் கரைப்பான் இருந்தது என்று எழுதிய சீட்டோடு அனுப்புகிறோம்.

பட்டறை வழியின் உண்மையான பலவீனம், அது ஒருவரின் கையை நம்பி நிற்கிறது என்பது. எங்கள் பட்டறைக்காரர் ஆண்டுக்கணக்கில் பழகிப் பெற்ற கைப்பழக்கத்தை அடுத்தவரிடம் ஒப்படைப்பது எளிதல்ல; அவர் உடல்நலமின்றி ஓய்ந்தால் பாலத்துக்கு அந்தப் பக்கம் பினாங்குத் தீவில் தேட வேண்டும், அல்லது கண்ணாடியைப் பொதிந்து கோலாலம்பூருக்கு அனுப்ப வேண்டும். அதனால் இறக்குமதிப் பிரிப்பான்கள் சிலவற்றை இருப்பில் வைத்திருக்கிறோம். பட்டறைக்குத் தந்த வேலை ஆணையில் மேல்மூட்டு 45/40, கீழ்மூட்டு 29/32 என்று குறித்ததற்கும் இதுவே காரணம்: 29 மில்லிமீட்டர் அகலம், 32 மில்லிமீட்டர் நீளம், பத்துக்கு ஒன்று என்ற சரிவு என்பவை எல்லாருக்கும் பொதுவான அளவுகள் ஆதலால், பட்டறைப் பிரிப்பான் பழுதுக்குப் போயிருக்கும் நாளில் இறக்குமதிப் பிரிப்பான் அதே குடுவைமீதும் அதே குளிர்விப்பானுக்குக் கீழும் தடையின்றி அமர்கிறது.