‘டிக் டிக்’ சத்தத்தைப் போக்க 1,650 ரூபாய் கொடுத்தேன்: கிட்டார் பெடல் செய்கிறவர்கள் கவனிக்கவும்

வீட்டில் பெடல் (கிட்டாருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவே வைத்து ஒலியை மாற்றும் சிறு பெட்டி) செய்கிறவர்கள், செய்த பெடலில் ‘டிக், டிக்’ என்று சத்தம் வந்து அதைச் சரிசெய்ய யாரிடமாவது கொடுக்கப் போகிறவர்கள், தயவுசெய்து இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள். நான் கொடுத்து ஏமாந்தேன். பணம் போனதுகூடப் பரவாயில்லை. பதினோராம் வகுப்புப் படிக்கும் ஒரு பிள்ளையின் கிறிஸ்துமஸ் வாசிப்பு அதனால் கெட்டுப்போனது. அதுதான் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

அக்கா மகள் சர்ச் பாடகர் குழுவில் கிட்டார் வாசிக்கிறாள். மெதுவான பாட்டுகளில் ஒலி அலை அலையாக ஏறி இறங்க வேண்டும், ஒரு ட்ரெமலோ வேண்டும் மாமா என்று கேட்டாள். கடையில் வாங்கினால் விலை அதிகம். பாகங்கள் அடங்கிய கிட் ஒன்றை வரவழைத்து, இரண்டு வார இறுதிகள் உட்கார்ந்து சால்டர் செய்து முடித்தேன். முதல் தடவையே வேலை செய்தது. ஆனால் அவள் வாசிப்பதை நிறுத்தியதும் ஆம்ப்பிலிருந்து அந்தச் சத்தம் கேட்டது. சுவர்க்கடிகாரம் மாதிரி, வினாடிக்கு இரண்டு தடவை. வேகக் குமிழைத் திருப்பினால் சத்தமும் கூடவே வேகமெடுத்தது. வீட்டில் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஜெப நேரத்தில் சர்ச் முழுக்க அமைதியாக இருக்கும்போது ஸ்பீக்கரில் இது கேட்டால் எப்படி இருக்கும்?

இந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அது அப்போது எனக்குத் தெரியாது, அதனால்தான் என்னை ஏமாற்ற முடிந்தது.

ட்ரெமலோ, ஃபேஸர், கோரஸ், ஃப்ளாஞ்சர் எல்லாவற்றுக்கும் உள்ளே மெதுவாக ஆடும் ஓர் ஆசிலேட்டர் உண்டு. எல்எஃப்ஓ என்பார்கள். அதன் ஆட்டம்தான் ஒலியை ஏற்றி இறக்குகிறது. பல சர்க்யூட்களில் ஒரே ஐசிக்குள் (சிறு சிப்) இருக்கும் இரண்டு ஓப்ஆம்ப்களை (சிக்னலைப் பெருக்கும் சர்க்யூட்கள்) வைத்து இதைச் செய்கிறார்கள். ஒன்று முக்கோண அலை தரும், இன்னொன்று சதுர அலை தரும். முக்கோணம் சாய்வாக ஏறி, சாய்வாக இறங்கும். சதுரம் அப்படியல்ல, மேலிருந்து கீழே ஒரே வெட்டில் விழும், அதே மாதிரி ஏறும். அப்படிப் புரளும் ஒவ்வொரு தடவையும் சப்ளையிலிருந்து கரண்டை வெடுக்கென்று இழுக்கும். வீட்டில் மோட்டார் போட்டால் பல்பு ஒரு கணம் மங்குகிறதே, அதே கதைதான். கிட்டார் ஒலி போகும் பகுதியும் அதே சப்ளையிலும் அதே கிரவுண்டிலும் (கரண்ட் திரும்பிப் போகும் பொதுத் தடம்) இருந்தால், அந்தத் துடிப்பையும் ஒலியோடு சேர்த்து ஆம்ப்புக்கு அனுப்பிவிடும். அதுதான் டிக்.

இனி நடந்ததுக்கு வருகிறேன். சென்னையில் பெடல், ஆம்ப் ரிப்பேர் செய்யும் ஒருவரைத் தெரிந்தவர் சொன்னார். போனேன். பெடலைப் போட்டுக் கேட்டார். “தம்பி, ட்ரெமலோன்னா டிக்கடிக்கத்தான் செய்யும், அது அதோட குணம். ஆனா குறைச்சுத் தரேன்” என்றார். இது முதல் பொய். ஒற்றை டிரான்சிஸ்டரை வைத்து ஆடும் ஃபேஸ் ஷிஃப்ட் ஆசிலேட்டர் உள்ள ட்ரெமலோக்கள் உண்டு. அவற்றில் அலை வளைவாகவே வரும், திடீர் வெட்டு கிடையாது, அதனால் டிக் பெரும்பாலும் எழுவதே இல்லை. ஓப்ஆம்ப் வைத்த சர்க்யூட்டிலும் ஒழுங்காகச் செய்தால் அமைதியாக இருக்கும்.

அடுத்து அவர் சொன்னதுதான் என்னை நம்ப வைத்தது. “இதுல டிஎல்072 இருக்கு. கரண்ட் ஜாஸ்தி இழுக்கும். எடுத்துட்டு டிஎல்062 போட்டா சரியாகும்.” இரண்டுமே ஓப்ஆம்ப் ஐசிகள், அவர் சொன்னதில் உண்மை இருந்தது. டிஎல்072-இல் ஒவ்வொரு ஓப்ஆம்ப்பும் சுமார் 1.4 மில்லி ஆம்பியர் எடுக்கும், டிஎல்062-இல் 0.2 மில்லிதான். புரளும் வேகமும் குறைவு. எட்டுக் கால்களும் அதே வரிசை, அப்படியே மாற்றிப் போடலாம். விஷயம் தெரிந்தவர் என்று நினைத்தேன். பெடலைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இரண்டு நாள் என்றவர் 23 நாள் வைத்திருந்தார். ஐசிக்கு 450, கூலி 1,200, ஆக 1,650 ரூபாய். கூடவே, “முழுசா அமைதி வேணும்னா நாய்ஸ் கேட் ஒண்ணு வாங்கிடுங்க, நம்மகிட்டயே இருக்கு, 3,200” என்றார். அதை வாங்கவில்லை. நீங்களும் வாங்காதீர்கள். நாய்ஸ் கேட் நீங்கள் வாசிக்காத நேரத்தில்தான் கதவை மூடும். ஒரு நோட் நீண்டு ஒலிக்கும்போது கதவு திறந்தே இருக்கும், டிக்கும் அதோடு சேர்ந்தே வெளியே வரும்.

பெடல் கைக்கு வந்தது கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால். டிக் குறைந்திருந்தது, ‘டொக்’ என்று மந்தமாகக் கேட்டது. ஆனால் அக்கா மகள் நாலு கார்டு வாசித்துவிட்டு நிமிர்ந்து, “மாமா, போர்வைக்குள்ள இருந்து வாசிக்கிற மாதிரி இருக்கு” என்றாள். அவள் சொன்னது சரி. மேல் தந்திகளின் மினுக்கம் மொத்தமும் போயிருந்தது. திறந்து பார்க்க அப்போது நேரமில்லை. அந்த வருடம் பெடல் இல்லாமலேயே வாசித்தாள். ஒரு மாதமாக ட்ரெமலோவை மனதில் வைத்துப் பழகிய பாட்டு வெறுமையாக ஒலித்தது. திரும்பி வரும்போது வழியில் அவள் எதுவும் பேசவில்லை.

பண்டிகை முடிந்து அடியில் இருந்த நாலு ஸ்க்ரூவையும் கழற்றினேன். அவுட்புட் ஜாக்கின் முனைக்கும் கிரவுண்டுக்கும் நடுவே, நான் வைக்காத ஒரு செராமிக் டிஸ்க் கெப்பாசிட்டர் தொங்கிக்கொண்டிருந்தது. காலைக்கூட வெட்டாமல் நீளமாகவே சால்டர் வைத்திருந்தார். மேலே 103 என்று எழுத்து. 103 என்றால் 10 நானோ ஃபாரட். என்னுடைய வால்யூம் பாட் (குமிழைத் திருப்பினால் ரெசிஸ்டன்ஸ் மாறும் பாகம்) 100 கிலோ ஓம். குமிழ் நடுவில் இருக்கும்போது கணக்குப் போட்டால், சுமார் 640 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ள ஒலியெல்லாம் படிப்படியாகக் கிரவுண்டுக்குப் போய்விடும். டிக் என்பது கூர்மையான சத்தம், அதன் கூர்மை மேல் ஸ்தாயியில்தான் இருக்கிறது. அதை மழுங்கடிக்கக் கிட்டாரையே மழுங்கடித்திருக்கிறார். கட்டரால் அந்தக் காலை ஒரு வெட்டு வெட்டினேன். மினுக்கம் திரும்பியது. டிக்கும் திரும்பியது, முதல் நாள் இருந்த அதே அளவுக்கு.

அப்படியானால் டிஎல்062 என்ன ஆனது?

ஐசியை அதைச் செருகும் பேஸிலிருந்து நெம்பி எடுத்து விளக்கின் கீழே வைத்துப் பார்த்தேன். டிஎல்062 என்று பளிச்சென்ற வெள்ளை எழுத்து. முதல் காலைக் காட்டும் குழிக்குள் கறுப்புப் பூச்சு போய்த் தேங்கி, குழியே பாதி தூர்ந்திருந்தது. அசிட்டோன் உள்ள நெயில் பாலிஷ் ரிமூவரைப் பஞ்சில் நனைத்துத் தேய்த்தேன். எழுத்து மட்டுமில்லை, கறுப்பே பஞ்சில் வந்தது. அடியில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த கோடுகள், எல்லாம் ஒரே திசையில். பழைய பெயரைச் சுரண்டிவிட்டு, மேலே பூசி, புதுப்பெயர் அடித்திருக்கிறார்கள்.

ஆனால் இந்தச் சோதனையை மட்டும் நம்பிவிடாதீர்கள். பூச்சு கெட்டியாக இருந்தால் அழியாது, மையால் அச்சிட்ட அசல் ஐசியின் எழுத்தும் சில நேரம் அழியும். கரண்டை அளந்து பாருங்கள், அது பொய் சொல்லாது. ஒரு எட்டுக்கால் ஐசி பேஸை எடுத்து, 1-ஆம் காலையும் 2-ஐயும் சேருங்கள், 6-ஐயும் 7-ஐயும் சேருங்கள். இரண்டு 10 கிலோ ஓம் ரெசிஸ்டரால் 9 வோல்ட்டைப் பாதியாக்கி 3-க்கும் 5-க்கும் கொடுங்கள். 4-ஆம் கால் பேட்டரியின் மைனஸுக்கு. பிளஸிலிருந்து 8-ஆம் காலுக்குப் போகும் வயரில் மட்டும் மல்டிமீட்டரை மில்லி ஆம்பியரில் வைத்துக் கோர்க்க வேண்டும். ரெசிஸ்டர்களுக்குப் போகும் கரண்ட் மீட்டர் வழியாகப் போகக் கூடாது, அதுவே அரை மில்லி கிட்ட வந்து கணக்கைக் குழப்பிவிடும். இரண்டு ஓப்ஆம்ப்புக்கும் சேர்த்து அசல் டிஎல்062 சுமார் 0.4 மில்லி காட்டும். என்னுடையது 2.6 காட்டியது. கிட்டத்தட்ட டிஎல்072-இன் அளவு. எதை எடுக்கச் சொன்னேனோ அதையே வேறு பெயரில் எனக்குத் திருப்பிக் கொடுத்து 450 ரூபாய் வாங்கியிருக்கிறார்.

எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கடையில் விசாரித்து வேறு டிஎல்062 இரண்டு வாங்கினேன். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அளந்தேன். 0.38. நல்ல சரக்கு.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் புது ஐசியைப் போட்டு நானே உட்கார்ந்தேன். முதலில் நோய் எங்கே என்று பார்க்க வேண்டும். என் பெடலில் எல்எஃப்ஓ ஓர் எல்இடியை எரிக்கும், அதை எதிரே உள்ள எல்டிஆர் (வெளிச்சத்துக்கு ஏற்ப ரெசிஸ்டன்ஸ் மாறும் பாகம்) பார்த்து ஒலியை ஏற்றி இறக்கும். இரண்டுக்கும் நடுவே வெளிச்சம் தவிர வேறு தொடர்பு இல்லை. அதனால் எல்எஃப்ஓ பகுதியின் பிளஸ், கிரவுண்ட் தடங்களை வெட்டி, அதற்கு மட்டும் தனியாக ஒரு 9 வோல்ட் பேட்டரி கொடுத்தேன். ட்ரெமலோ ஆடியது, டிக் ஏறக்குறைய இல்லை. சப்ளை, கிரவுண்ட் வழியாகத்தான் வருகிறது என்று அதிலேயே தெரிந்துவிட்டது. தனி பேட்டரியிலும் அதே சத்தம் இருந்தால், வயரிலிருந்து வயருக்குத் தாவுகிறது என்று அர்த்தம். அப்போது காய்ந்த மரக்குச்சியால் வயர்களை ஒவ்வொன்றாக நகர்த்திக் கேட்டால் குற்றவாளி எது என்று காதுக்கே தெரியும்.

மிச்சமிருந்த மெல்லிய டிக்குக்குக் காரணம் இன்புட் வயர். நீளமாக விட்டு எல்எஃப்ஓ ஐசியின் தலைக்கு மேலேயே கொண்டு போயிருந்தேன். ஷீல்டு வயர் (மேலே உலோக உறை சுற்றிய வயர்) போட்டு, ஷீல்டை ஒரு முனையில் மட்டும் கிரவுண்ட் செய்து, பெட்டியின் ஓரமாகக் கொண்டு போனேன். பெரிய தப்பு வேறு இடத்தில் இருந்தது. வேகத்தைக் காட்ட முகப்பில் மின்னும் எல்இடிக்குக் கிட்டில் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர்தான் கொடுத்திருந்தார்கள். ஒவ்வொரு மின்னலுக்கும் 5 மில்லிக்கு மேல் இழுக்கும். அதிக வெளிச்சம் தரும் எல்இடி போட்டு ரெசிஸ்டரை 10 கிலோ ஆக்கினேன், அரை மில்லிக்கு இறங்கியது, வெளிச்சம் போதுமானதாகவே இருக்கிறது. எல்எஃப்ஓ-வுக்குப் போகும் பிளஸில் 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்று, அதைத் தாண்டி ஐசியின் 8-க்கும் 4-க்கும் நடுவே, கால்களை ஒட்டி, 100 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று. ஐசிக்குத் தேவையான திடீர்க் கரண்டை இனி அந்தக் கெப்பாசிட்டரே கொடுக்கும். கடைசியாக, எல்எஃப்ஓ-வின் கிரவுண்டை போர்டின் பொதுத் தடத்தில் சேர்க்காமல் தனி வயரில் நேராக பவர் ஜாக்குக்குக் கொண்டு போனேன். மொத்தச் செலவு நூறு ரூபாய்க்குள். ஆம்ப்பை முக்கால்வாசி திறந்து வைத்து, ஸ்பீக்கர் துணியில் காதை ஒட்டிக் கேட்டேன். ஆம்ப்பின் வழக்கமான இரைச்சல் மட்டும்தான் கேட்டது.

அவருக்கு போன் செய்து பணத்தைத் திருப்பிக் கேட்டேன். “ஐசி கடைக்காரன் கொடுத்ததுதான் தம்பி, எனக்கென்ன தெரியும்?” என்றார். ஐசி விஷயத்தில் அவரும் ஏமாந்திருக்கலாம், அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த 103-ஐ யாரும் அவர் கையில் திணிக்கவில்லையே? டிக் போகவில்லை என்று தெரிந்துதான் அதை வைத்திருக்கிறார், வைத்ததை என்னிடம் சொல்லவும் இல்லை. இதைக் கேட்டதும் போனை வைத்துவிட்டார். அதற்குப் பிறகு எடுப்பதில்லை.

நீங்களும் இப்படி யாரிடமாவது பெடலைக் கொடுத்து வாங்கி, டிக் குறைந்து ஒலியும் மந்தமாகியிருந்தால், பின்பக்கத்தைத் திறந்து அவுட்புட் ஜாக்கைப் பாருங்கள். முனைக்கும் கிரவுண்டுக்கும் நடுவே, சர்க்யூட் படத்தில் இல்லாத கெப்பாசிட்டர் ஏதாவது தொங்கினால், ஒரு காலை மட்டும் வெட்டிவிட்டு வாசித்துப் பாருங்கள். வெட்டுவதற்கு முன்னால் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நான் எடுக்காமல் விட்டுவிட்டேன்.