ஐசியூ நர்ஸுக்கு எந்தப் பயிற்சி: இரண்டு நாள் அட்டையா, ஓராண்டு டிப்ளமோவா?

ஐசியூவில் ஒரு வருடம் ஓட்டிய பிறகு எனக்கு முன்னால் மூன்று வழி இருந்தது: ஏசிஎல்எஸ் (இதயம் நின்றவரை மீட்கும் பயிற்சி), இந்திய நர்சிங் கவுன்சிலின் ஓராண்டு போஸ்ட் பேசிக் டிப்ளமோ (நர்ஸ் ஆனபின் தீவிர சிகிச்சைக்கென்று படிப்பது), 2 ஆண்டு நர்ஸ் ப்ராக்டிஷனர் படிப்பு (அதே துறையில் முதுநிலை). முதலாவதை முடித்துவிட்டு இரண்டாவதில் சேர்ந்தவள் நான். அந்தப் பக்கம் சாய்ந்துதான் எழுதுவேன்.

ஏசிஎல்எஸ் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இரண்டே நாள், அமெரிக்க இதயச் சங்கத்தின் அட்டை, 2 ஆண்டு செல்லும். நெஞ்சில் நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், 3 முதல் 5 நிமிடத்துக்கு ஒருமுறை அட்ரினலின் என்று பொம்மையின் மேல் பழகுகிறோம். வேலைக்கு எடுப்பவர்களும் கேட்கிறார்கள். சரி, வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் பிரஷரைத் தூக்கிப் பிடிக்கும் நார்அட்ரினலின் மருந்து பம்ப்பில் ஓடும் நோயாளிக்கு சிரிஞ்ச் மாற்ற அந்த அட்டை சொல்லித் தராது. அந்த மருந்தின் வேலை ஓரிரு நிமிடத்தில் வடிந்துவிடும். ஒரு நைட் ட்யூட்டியில், காலியான சிரிஞ்சைக் கழற்றிப் புதியதை மாட்டினேன். மருந்து குழாயில் நகர்வதற்குள் 110 இருந்த பிரஷர் 70-க்கு வந்துவிட்டது. டாக்டரைக் கூப்பிட ஓடினேன். டிப்ளமோவில் அதே வேலையைச் செய்தபோது பின்னால் சீனியர் சிஸ்டர் நின்றார். "இது தீர்றதுக்கு முன்னாடியே அடுத்த பம்ப்பை ஓட விடும்மா. பிரஷர் ஏறுதான்னு பாரு, அப்புறம் பழையதைக் குறை." அவ்வளவுதான் பாடம்.

எனக்கு டிப்ளமோவின் மதிப்பே அப்படிப் பின்னால் நிற்கும் ஆள்தான். அதனால் சேருமுன் கட்டணத்தைவிட இதை விசாரியுங்கள்: ஷிஃப்டில் கூட நின்று சொல்லித் தருபவர் யார், அவர் பொறுப்பில் எத்தனை பேர்? சில இடங்களில் ஆள் பற்றாக்குறைக்கு மாணவியை வைத்து அடைத்துவிடுகிறார்கள். அங்கே சேர்ந்தால் அது படிப்பில்லை, சம்பளம் குறைந்த வேலை.

சம்பளத்தை நம்பிப் போகாதீர்கள். நான் திரும்பிப் போன இடத்தில் ஏற்றிக் கொடுத்தது ஆட்டோ செலவுக்குத்தான் காணும்.

நர்ஸ் ப்ராக்டிஷனர் படிப்புக்கு பி.எஸ்சி.யும் ஓராண்டு அனுபவமும் வேண்டும். ஜிஎன்எம் (நர்சிங் டிப்ளமோ) மட்டும் முடித்தவர்களுக்கு இந்த போஸ்ட் பேசிக் டிப்ளமோதான் வழி. நர்ஸ் ப்ராக்டிஷனர் நான் படிக்கவில்லை. படித்த ஒரு தோழியோடு வேலை பார்த்திருக்கிறேன். ஏபிஜி (ரத்தத்தில் ஆக்சிஜன், கார்பன் டை ஆக்சைடு அளவு காட்டும் சோதனை) தாளை நான் பார்த்து முடிப்பதற்குள் அவள் வென்டிலேட்டர் பக்கம் போயிருப்பாள். ஒருத்தியை வைத்து ஒரு படிப்பை எடை போட முடியாது.

என் ஏசிஎல்எஸ் அட்டை வரும் மார்ச்சில் காலாவதி. புதுப்பிக்கத்தான் போகிறேன்.