பாஸ்ட்னாஸ் செரைட்: கல் அசல், சீட்டு அரைகுறை

கும்பகோணத்தில் கிணறு வெட்டினால் களியும் மணலும்தான் வரும். அதனால் நான் சேகரிக்கும் அருமண் கனிமங்கள் (சீரியம் போன்ற அருமண் தனிமங்கள் கொண்டவை) எல்லாமே கூரியரில் வந்தவை. இம்முறை ஓர் இணைய விற்பனையாளரிடம் வாங்கியது செரைட் என்ற சீரியக் கனிமம். சுவீடனின் பாஸ்ட்னாஸ் சுரங்கத்துக் கல். 1803இல் சுவீடன் வேதியியலாளர்கள் பெர்சீலியஸும் ஹிசிங்கரும் சீரியம் என்ற தனிமத்தை இனங்கண்டது அந்தச் சுரங்கத்துச் செரைட்டில்தான். அதே இடத்துக் கல் என் உள்ளங்கையில் இருப்பதைப் பெரும் பேறாக நினைக்கிறேன்.

பார்வைக்குப் பகட்டில்லை. படிக முகங்கள் கிடையாது. இளஞ்சிவப்பு கலந்த பழுப்பில் ஒரு திரள், அவ்வளவே. கையில் எடுத்தால்தான் அதன் கனம் தெரியும். தெரிந்த நகைப் பட்டறையில் காற்றிலும் நீரிலும் நிறுத்துப் பார்த்தோம். அடர்த்தி நீரைப்போல் 4.6 மடங்கு வந்தது. தூய செரைட்டுக்கு ஏறத்தாழ 4.75, ஓரத்தில் வேறு பாறை சிறிது ஒட்டியிருக்கிறது, ஆகவே கணக்கு பொருந்துகிறது. குவார்ட்ஸ் என்றால் 2.65தான் வந்திருக்கும்.

குறை, கல் கிடைத்த இடத்தைச் சொல்லும் சீட்டில். மையால் எழுதி, கல்லோடு சேர்த்தே சுற்றியிருந்தார்கள். ஐப்பசி மழையில் ஈரம் இறங்கி, சுரங்கத்தின் பெயர் பாதி கரைந்துவிட்டது. கிடைத்த இடம் தெரியாத மாதிரியை எந்தச் சேகரிப்பாளரும் மதிக்க மாட்டார். பென்சிலால் எழுதித் தனி உறையில் போட்டிருக்கலாம். கேட்டதும் புதுச் சீட்டு அனுப்பினார்கள், அது சரி.

அவர்கள் பட்டியலில் மோனசைட் என்ற அருமண் கனிமம் இல்லை என்பதும் எனக்குப் பிடித்தது. மணவாளக்குறிச்சி மணலில் கிடைப்பதுதான். ஆனால் தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம் கொண்டது, அணுசக்திச் சட்டத்தின் கட்டுப்பாட்டில் இருப்பது. அதை ரகசியமாக விற்பவரிடம் நான் எதையும் வாங்க மாட்டேன். இவர்களிடம் அடுத்துப் பாஸ்ட்னசைட் என்ற இன்னோர் அருமண் கனிமம் கேட்டிருக்கிறேன், பென்சில் சீட்டோடு.