கரையான் தின்னாத பலகைகள்: வருடக்கணக்கில் எது உழைக்கிறது, எது எங்கே தோற்கிறது

பிவிசி ஃபோம் (பிளாஸ்டிக் நுரை) பலகையிலோ டபிள்யூபிசியிலோ (மரத்தூள் கலந்த பிளாஸ்டிக் பலகை) செய்த அலமாரி ஐந்தாறு வருடத்தில் தகராறு செய்தால், அதற்குக் கரையான் காரணமாக இருப்பது அபூர்வம். கீல் திருகு பிடுங்கிக்கொண்டு வந்திருக்கும். நடுத்தட்டு தொய்ந்திருக்கும். அடுப்புப் பக்கத்துக் கதவு வளைந்திருக்கும். கரையான் வந்திருந்தால்கூட அது பலகையை விட்டுவிட்டு, பின்னால் யாரும் கணக்கில் எடுக்காத மரச்சட்டத்தைத்தான் தின்றிருக்கும். ஆகவே மரத்துக்கு மாற்று தேடும்போது இரண்டு கேள்விகள் முக்கியம். அந்தப் பொருள் தன் சொந்தக் குறையால் எங்கே தோற்கும்? அதைச் சுவரில் நிறுத்த எதை வைத்து அடிக்கப்போகிறார்கள்?

முதலில் பின்பக்கத்தைப் பார்த்துவிடலாம். சுவருக்கு பிவிசி பேனல் ஒட்டுபவர்கள், சுவர் மட்டமாக இல்லையென்றால் ஒரு அங்குல மரரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) அடித்து அதன்மேல்தான் பேனலை மாட்டுவார்கள். அலமாரியின் முதுகுப்பலகை, இழுப்பறையின் அடிப்பலகை இரண்டையும் மெல்லிய பிளைவுட்டிலோ எம்டிஎஃப்பிலோ (மரநாரை அழுத்திச் செய்த பலகை) முடித்துவிடுவார்கள். சுவரில் திருகு பிடிக்க மரக்கட்டை முளை அடிப்பதும் உண்டு. கரையானுக்கு வேண்டியது செல்லுலோஸ். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான விரிசலே அது நுழையப் போதும். ரீப்பருக்குப் பதில் அலுமினியம் அல்லது ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) சதுரக்குழாய், முளைக்குப் பதில் நைலான் பிளக், முதுகுக்கு 5 அல்லது 6 மி.மீ. பிவிசி ஷீட் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். "முழுக்க பிவிசி" என்ற வாய்வார்த்தைக்குள் இவை எதுவும் அடங்காது. இன்னொன்றும் இருக்கிறது. உள்ளே அடுக்கிய புத்தகமும் அட்டைப்பெட்டியும் கரையானுக்குத் தீனிதான். அவற்றை எட்டுவதற்காக அது பிவிசி மேலேயே மண்பாதை கட்டும். மென்மையான நுரைப்பகுதியாக இருந்தால் குடைந்தும் போகும்.

பிவிசி ஃபோம் பலகையில் தரம் என்பது அடர்த்திதான். இதைக் கடையில் வைத்தே சோதிக்கலாம். 18 மி.மீ. பலகையில் ஓர் அடிக்கு ஓர் அடி துண்டு வாங்கித் தராசில் வையுங்கள். 0.55 அடர்த்தி (ஒரு கன செ.மீ.க்கு 0.55 கிராம்) என்றால் சுமார் 920 கிராம் நிற்கும். 750 கிராம்தான் வருகிறது என்றால் அடர்த்தி 0.45. அது சுவர் அலங்காரத்துக்குப் போதும், கதவுக்கும் தட்டுக்கும் ஆகாது. நகத்தால் அழுத்திப் பார்ப்பதை நம்ப வேண்டாம். மேல்தோல் கெட்டியாகவும் நடுப்பகுதி பஞ்சுபோலவும் இருக்கும் பலகை அந்தச் சோதனையில் தேறிவிடும். வெட்டிய விளிம்பில் திருகு போட்டுப் பார்த்தால் உண்மை தெரியும்.

விளிம்புதான் இந்தப் பலகையின் பலவீனம். மரத்தில் பழகிய கை, தட்டின் விளிம்பில் நேரே திருகு ஏற்றிப் பக்கப்பலகையோடு இணைக்கும். நுரையில் அந்தப் பிடிப்பு நிலைக்காது. சுமை ஏறி இறங்க, திருகைச் சுற்றியுள்ள நுரை நசுங்கித் துளை பெரிதாகும். தட்டுகளுக்கு அடியில் அலுமினிய எல்-ஆங்கிள் கொடுத்துச் சுமையை அதன்மேல் இறக்குவதே சரி. 4 மி.மீ. திருகுக்கு முதலில் 2.5 மி.மீ. துளை போட வேண்டும். விளிம்பிலிருந்து 20 மி.மீ. தள்ளியே துளை வர வேண்டும். பவர் டிரில்லில் இறுக்கும்போது கடைசிச் சுற்றுகளைக் கையால் முடிப்பது நல்லது. ஒருமுறை வழுக்கிய துளை திரும்பப் பிடிக்காது.

கீலுக்கு இன்னும் கவனம் தேவை. 35 மி.மீ. கப் கீலுக்கு (கதவில் வட்டமாகக் குடைந்து பதிக்கும் கீல்) ஏறத்தாழ 12 மி.மீ. ஆழம் குடைவார்கள், 18 மி.மீ. பலகையில் மிஞ்சுவது 6 மி.மீ. மட்டுமே. கையால் குடைந்து ஆழம் தவறினால் முன்பக்க மைக்காவில் (மேலே ஒட்டும் லேமினேட் தாள்) மேடு தெரியும். ஏழடிக் கதவுக்கு நான்கு கீலாவது வேண்டும். பக்கப்பலகையில் கீலின் அடித்தகட்டைத் திருகால் மட்டும் மாட்டாமல், மறுபக்கம் மறைவாக இருக்குமிடத்தில் வாஷரோடு போல்ட் நட்டு கொடுத்தால் அந்தக் கீல் அசையாது. அடிக்கடி திறக்கும் சமையலறைக் கதவுகளுக்கு இது கட்டாயம் என்றே சொல்வேன்.

வெப்பம் இரண்டாவது எதிரி. 8 அடிப் பலகை 20 டிகிரி வெப்பநிலை ஏறினால் சுமார் 3 மி.மீ. நீளும். சுவருக்குச் சுவர் இடைவெளி விடாமல் அடைத்துப் பொருத்திய பேனல் கோடையில் வயிறு தள்ளுவது இதனால்தான். இரு முனையிலும் 3 முதல் 5 மி.மீ. விட்டு, அதைப் பீடிங்கால் (ஓரத்தை மூடும் மெல்லிய பட்டை) மறைக்க வேண்டும். வெயில் நேரடியாக விழும் சன்னலோரத்தில் அடர்நிற மைக்கா போட வேண்டாம். சூடு ஏறி வளையும். அடுப்புக்கு இருபுறமும் ஓவன் வைக்கும் கூட்டுக்குள்ளும் பிவிசியே வேண்டாம். அங்கே அலுமினியமோ ஸ்டீலோ போடுங்கள். பிவிசி தானாகத் தொடர்ந்து எரியாது என்பது உண்மைதான். ஆனால் தீயில் சிக்கினால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், அது நுரையீரலை அரிக்கும்.

மைக்கா ஒட்டுவதில் நடக்கும் தவறு, பிளைவுட்டுக்குப் பயன்படுத்தும் வெள்ளைப் பசையையே இதற்கும் பூசுவது. அந்தப் பசை உலர நீரை மரம் உறிஞ்ச வேண்டும், பிவிசி உறிஞ்சாது. மேற்பரப்பை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, தூசி துடைத்து, ரப்பர் பசையை இருபக்கமும் தடவி, கையில் ஒட்டாத பதம் வந்தபின் அழுத்த வேண்டும். வெளியே 1 மி.மீ. மைக்கா போட்டால் உள்ளேயும் 0.8 மி.மீ.யாவது போட வேண்டும். ஒருபக்கம் மட்டும் ஒட்டிய கதவு வளையாமல் இருக்காது.

டபிள்யூபிசி இதே குடும்பம்தான், கூடவே மரத்தூள் கலந்திருக்கும். 0.7 அடர்த்தியில் அதே ஓரடித் துண்டு 1.17 கிலோ வரும். திருகுப் பிடிப்பு தெளிவாகவே மேல். குளியலறைக் கதவு நிலைக்கு மரத்தைவிட இதையே தயங்காமல் சொல்லலாம், ஏனென்றால் நிலையின் கால்பகுதியில்தான் ஈரமும் கரையானும் சேர்ந்து வரும். பெயரில் மரம் இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். தூளைப் பிளாஸ்டிக் மூடியிருக்கும். ஆனால் தூளின் பங்கு கூடக்கூட ஈரம் உறிஞ்சுவதும் கூடும். இதிலுள்ள குறை, கனம்தான். முழுப்பலகை 37 கிலோவைத் தாண்டும். பெரிய கதவாகச் செய்தால் கீல் தாங்க வேண்டும்.

தட்டு தொய்வது இரண்டுக்கும் பொது. துணி வைக்கும் தட்டுக்குத் தாங்கல்களுக்கிடையே இரண்டடி இடைவெளி சரி. புத்தகம், பாத்திரம் என்றால் ஒன்றரை அடிக்கு ஒரு தாங்கல், அல்லது முன்விளிம்பின் அடியில் 20 மி.மீ. அலுமினியச் சதுரக்குழாய். இந்தப் பலகைகள் சுமை ஏற்றிய அன்று நேராகத்தான் நிற்கும், மாதக்கணக்கில் மெல்ல இறங்கும். அதனால் கடையில் கையால் அழுத்திப் பார்த்து முடிவெடுக்க முடியாது.

முழு அலுமினிய அலமாரி கரையான், ஈரம் இரண்டுக்கும் சரியான பதில். சட்டத்தின் தடிமன் 1.2 மி.மீ.க்குக் குறைந்தால் ரிவெட் துளைகள் தளரும். ஈரமான இடத்தில் சாதாரண இரும்புத் திருகு போட்டால் தொடுமிடத்தில் அரிப்பு தொடங்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் 304 திருகு கேளுங்கள். சத்தமும் நசுங்கலும் இருக்கத்தான் செய்யும்.

பரணுக்கும் கனமான தட்டுக்கும் ஃபெரோசிமெண்ட் பலகையை மிஞ்சியது இல்லை. 25 மி.மீ. கனம், உள்ளே கம்பிவலை, ஒரு பங்கு சிமெண்டுக்கு இரண்டு அல்லது மூன்று பங்கு மணல். மூன்றடிக்கு ஒன்றரை அடித் தட்டு 25 கிலோ வரும், அதனால் சுவருக்குள் இரண்டு அங்குலமாவது நுழைய வேண்டும். ஃபைபர் சிமெண்ட் பலகை தடுப்புக்கு நல்லது. முன்துளை இல்லாமல் திருகினால் மூலை உடையும். உலர்வாக அறுக்கும்போது பறக்கும் சிலிக்காத் தூசிக்கு முகக்கவசம் இல்லாமல் யாரையும் வேலை செய்ய விடாதீர்கள். ஜிப்சம் பலகையைக் கரையானுக்கு அப்பாற்பட்டதாக நினைக்கிறார்கள். ஜிப்சத்தைத் தின்னாது, ஆனால் இருபுறமும் ஒட்டியுள்ள காகிதத்தைத் தின்னும். தரைக்கு எஸ்பிசி (கல்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த) பலகை போடுவதானால் சுவரோரம் 8 மி.மீ. இடைவெளி விட்டு, எம்டிஎஃப் ஓரப்பட்டையைத் தவிர்த்தால் போதும்.

எந்தப் பொருளானாலும் கீழ் அலமாரிகளை 4 அங்குலப் பிளாஸ்டிக் கால்களில் நிறுத்தி, முன்பட்டையைக் கிளிப்பில் மாட்டச் சொல்லுங்கள். வருடத்துக்கு இருமுறை அதைக் கழற்றி, டார்ச் அடித்துச் சுவர் மூலைகளைப் பார்க்கலாம். பென்சில் தடிமனில் மண்பாதை தெரிந்தால் முழுவதையும் துடைத்துவிட வேண்டாம், கரையான் வேறு வழி போட்டுவிடும். ஒரு அங்குலம் மட்டும் உடைத்துவிட்டு ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். உடைத்த இடம் அடைபட்டிருந்தால் அதே வழியில் இன்னும் நடமாட்டம் இருக்கிறது. மருந்தடிப்பவருக்குக் காட்ட வேண்டிய இடம் அதுதான்.