உறுதிமொழியா, மாலை நேர விளையாட்டா: பிள்ளைகளைப் போதையிலிருந்து காப்பது எது?

போதைத் தடுப்பு என்றதும் பள்ளிகளுக்குச் சட்டென்று தோன்றுவது ஒரு சிறப்பு வகுப்பும் உறுதிமொழியும்தான். 1983-இல் லாஸ் ஏஞ்சலிஸில் தொடங்கிய 'டேர்' திட்டம் காவலர்களையே வகுப்பெடுக்க அனுப்பியது, அமெரிக்கா முழுக்கப் பரவியது. ஆனால் அதில் படித்த பிள்ளைகளையும் படிக்காதவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. கடைசியில் பாடத்திட்டத்தையே மாற்ற வேண்டியிருந்தது.

எனக்குப் பிடித்தது, போதை என்ற பேச்சையே எடுக்காத 'நன்னடத்தை விளையாட்டு'. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளை ஆசிரியர் குழுக்களாகப் பிரிப்பார். கணக்குப் போடும் பத்து நிமிடம்தான் ஆட்டம். யாராவது எழுந்து ஓடினாலோ கத்தினாலோ, அந்தக் குழுவின் பெயருக்கு நேரே பலகையில் ஒரு கோடு விழும். நாலு கோட்டுக்குள் முடித்த எல்லாக் குழுவுக்குமே வெற்றிதான். பக்கத்தில் இருப்பவன் துள்ளினால், கூட்டாளிகளே "உட்காருடா" என்பார்கள். 1980-களின் நடுவில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் இதை ஆடிய பிள்ளைகளை 19-21 வயதில் மறுபடி பார்த்தார்கள். சின்ன வயதில் முரட்டுத்தனமாக இருந்த பையன்களிடம் போதைச் சிக்கல் நன்றாகவே குறைந்திருந்தது. பெண் பிள்ளைகளிடம் அந்த அளவு பலன் தெரியவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். பலன் தெரியப் பத்துப் பதினைந்து வருஷம் காத்திருக்கவும் வேண்டும்.

சரி, ஏற்கெனவே பதின்வயதில் இருப்பவர்களுக்கு? ஐஸ்லாந்து அவர்களுடைய மாலை நேரத்தைக் கையில் எடுத்தது. விளையாட்டு, இசை வகுப்புக் கட்டணத்துக்கு நகராட்சி உதவியது, பிள்ளைகள் வெளியே திரிகிறார்களா என்று பார்க்கப் பெற்றோர் இரவில் தெருக்களைச் சுற்றி வந்தார்கள். 15-16 வயதினரில் முந்தைய ஒரு மாதத்துக்குள் குடித்துப் போதையேறியவர்கள் 1998-இல் 42 சதவீதம். 2016-இல் வெறும் 5. சின்ன நாடு, வசதியான நாடு. பல மாற்றங்கள் ஒன்றாக நடந்ததால் எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்வது கடினம். இருந்தாலும் இந்த இறக்கத்தைச் சும்மா ஒதுக்கிவிட முடியாது.

அப்புறம், மாணவர்கள் போதைப்பொருள் எடுத்தார்களா என்று பார்க்கும் திடீர்ச் சிறுநீர்ச் சோதனை. அதைப் பள்ளிகளில் பரவலாக்குவதை அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கழகமே எதிர்க்கிறது. நானும் வேண்டாம் என்றே சொல்வேன். சோதனையில் சிக்கிய பையனை முதலில் விளையாட்டு அணியிலிருந்துதான் நீக்குகிறார்கள். பயிற்சியாளரும் கூட்டாளிகளும் கண்ணில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த அந்த இரண்டு மணி நேரத்தை, அவன் இனி யாரோடு கழிப்பான்?