கறுப்புக் கட்டமா, எழுத்தையே நீக்குவதா?

பயனாளிகள் பட்டியலை இணையத்தில் ஏற்றும் அரசு அலுவலகம், அதிலுள்ள ஆதார் எண்களை மறைக்க வேண்டும். வழி இரண்டு.

ஒன்று, பிடிஎஃப் கோப்பில் எண்ணின் மேல் கறுப்புக் கட்டம் வரைவது. சீக்கிரம் முடியும், பார்வைக்கும் மறைந்ததுபோலவே இருக்கும். ஆனால் கட்டத்துக்கு அடியில் எழுத்து அப்படியே கிடக்கிறது. அந்த இடத்தை மவுஸால் இழுத்து, காப்பி எடுத்து நோட்பேடில் ஒட்டினால் எண் முழுதாக வந்து விழும். 2019 ஜனவரியில் அமெரிக்காவில், டிரம்பின் முன்னாள் தேர்தல் பிரசாரத் தலைவர் பால் மனஃபோர்ட்டின் வழக்கறிஞர்கள் நீதிமன்றத்தில் தாக்கல் செய்த ஆவணத்தில் மறைத்த வரிகள் இப்படித்தான் வெளியே வந்தன.

இன்னொன்று, மூல எக்செல் கோப்பின் நகலில் கடைசி 4 இலக்கங்களை மட்டும் விட்டு மற்றதை அழித்துவிட்டு, அப்புறம் பிடிஎஃப் ஆக்குவது. கொஞ்சம் கூடுதல் வேலைதான். ஆனால் அடியில் எதுவும் மிஞ்சாது.

சுமார் 210 அரசு இணையதளங்களில் பயனாளிகளின் விவரங்கள் ஆதார் எண்ணோடு வெளியாகியிருந்ததாக 2017இல் மத்திய அரசே நாடாளுமன்றத்தில் சொன்னது. கசிந்த ஆதார் எண்ணை பாஸ்வேர்டு மாதிரி நினைத்தபோது மாற்ற முடியாது. அதனால் இரண்டாவது வழியைத்தான் அழுத்தமாகச் சொல்வேன். ஏற்றுவதற்கு முன் அந்தக் காப்பி சோதனையை அலுவலகமே ஒருமுறை செய்து பார்த்துவிட வேண்டும்.